தலையாட்டினால் போதும்

உளுந்து இன்னும் பதத்துக்கு வரவில்லை. நாகமணி கிரைண்டருக்குள் கையை விட்டு ஓரத்தில் ஒட்டியிருந்த மாவை வழித்து நடுவில் தள்ளினாள், கிண்ணத்துத் தண்ணீரில் விரலை நனைத்துத் தெளித்தாள், மறுபடி வழித்தாள். டிரம் சுற்றிக்கொண்டே இருந்தது, கல் இரண்டும் நின்ற இடத்திலேயே உருண்டுகொண்டிருந்தன. கல்லுக்குள் மாவு போகிற பக்கம் கையை வைக்கக் கூடாது, வெளியே வருகிற பக்கம்தான் வைக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டாலும் கைக்கு அது தெரியும், கைக்குத் தெரிந்ததில் பாதி இந்த வாய்க்குத் தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். நான் வர்லீங். அவ்வளவுதான். விடிந்ததிலிருந்து அதைத்தான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறாள், பல் விளக்கும்போது சொன்னாள், பாப்பாவுக்குப் பால் காய்ச்சும்போது சொன்னாள், புருஷன் கனகராசுவிடம் காப்பித் தம்ளரை நீட்டும்போது அது தொண்டைவரை வந்து நின்றது, அவன் தம்ளரை வாங்கிக்கொண்டு, "மாவாட்டி எடுத்து வெச்சுட்டுக் கெளம்பிறலாம் புள்ள, வெயிலுக்கு முன்னாடி போனாத் தேவல," என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டான். இப்போது வாசலில் தன் காரைக் கழுவிக்கொண்டிருக்கிறான். தண்ணீர் தகரத்தில் படுகிற சத்தம் கிரைண்டர் சத்தத்துக்குள் வந்து வந்து போகிறது. நேற்றுச் சாப்பிடும்போதுதான் சொன்னான், ஆழியார் வரைக்கும் போய்ட்டு வரலாம், பாப்பாவுக்கு டேம் காட்டலாம் என்று. டேமுக்கு என்று ஒருநாளும் போனதில்லை. அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே காத்திருந்தாள், அடுத்தது வரும் என்று தெரியும், வந்தது. அங்க தோப்புக்குள்ள ஒரு பெரியவரு இருக்காரு, எஸ்டேட்ல மேனேஜரா இருந்தவரு, பொண்டாட்டி இல்ல, புள்ளைக வெளிநாட்ல, அவருகிட்ட ஒரு வண்டி இருக்குது, ரெண்டே பேரு உக்கார்ற வண்டி, இந்த ஜில்லாவுலயே அது ஒண்ணுதான். ஆம்பளை மட்டும் போனாக் கேட்டைத் தொறக்கவே மாட்டாராம், அதனால நீயும் வரோணும். உளுந்து கையில் வழவழவென்று ஒட்டியது. இன்னும் கொஞ்சம் தண்ணீர். அதிகம் விட்டால் நீர்த்துப் போகும்.

கிரைண்டர் சுற்றச் சுற்ற அந்த முதல் நாள் சுற்றிக்கொண்டு வந்தது. அவன் பழைய கார் புரோக்கர் என்று கல்யாணத்துக்கு முன்னால் சொன்னபோது அவள் பழைய கார் என்றால் ஓடி ஓடித் தேய்ந்த கார் என்று நினைத்துக்கொண்டாள், வாரச் சந்தைக்கு வருகிற மாதிரி. அப்புறம்தான் தெரிந்தது, அவன் தேடுகிற கார்கள் ஓடாதவை, ஊரில் ஒன்றோ இரண்டோ மிஞ்சியவை, யாரோ ஒரு மனிதர் இறந்து போனபிறகு ஷெட்டுக்குள் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தவை, அவற்றுக்காக பம்பாயிலும் பெங்களூரிலும் ஆட்கள் வருஷக்கணக்காகக் காத்திருக்கிறார்கள் என்று. சூலூரில் அப்படி ஒரு வண்டி நிற்கிற வீடு இருந்தது. அவன் போகும்போதெல்லாம் கேட்டுக்கு உள்ளே இருந்தே, வண்டி கொடுக்கறதில்ல போப்பா என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஒருநாள் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புகிற வழி, அந்த வீட்டு முன்னால் காரை நிறுத்தினான், பாப்பா வெயிலில் அழுதாள், உள்ளிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "அய்யோ சாமி, கொழந்தைய வெயில்ல வெச்சுட்டு நிக்கறீங்களே, உள்ள வாங்க," என்றாள். கேட் திறந்தது. மோர் கொடுத்தார்கள். நாகமணி சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்து முந்தானைக்குள் பால் கொடுத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை, பேச வராது. சாயங்காலம் அவன் பேசி முடித்து வெளியே வந்தபோது முகம் எல்லாம் சிரிப்பு. "உன்னாலதான் புள்ள," என்றான். அந்தச் சொல் அன்றைக்கு அவளுக்கு அவ்வளவு இனித்தது. ஆறாம் வகுப்பில் வாத்தியார், எழுந்து நின்று பாடம் படி என்பார், எழுத்தெல்லாம் தெரியும், கண்ணுக்கு எதிரில் இருக்கும், குரல் மட்டும் வராது, புத்தகத்தைப் பிடித்தபடி மணி அடிக்கும்வரை நின்றிருக்கிறாள், அடுத்த வருஷம் போகமாட்டேன் என்று வீட்டோடு இருந்துவிட்டாள். ஊமைக் கோட்டான் என்று அம்மாவே சொன்ன வாய் இது. அந்த வாயால்தான் ஒரு கேட் திறந்தது என்று புருஷன் சொன்னால் பெண்ணுக்கு எப்படி இருக்கும். அதற்கப்புறம் எங்கே போனாலும் கூட்டிக்கொண்டு போனான். சேலை கூட அவனே எடுத்து வைப்பான், பட்டு வேண்டாம், அந்தச் சின்னப்பூப் போட்ட காட்டன் கட்டு, பூ கொஞ்சமாப் போதும், கவரிங் வேண்டாம், அந்த மஞ்சக்கயிறு தெரியட்டும். "நீ ஒண்ணும் பேசவே வேண்டாம் புள்ள. நீ பேசாத இருக்கறதுதான் எனக்கு வேணும்."

கோத்தகிரியில் ஒரு டாக்டரம்மாவின் வண்டியைப் பார்க்கப் போனபோதும் அதே சேலைதான். மலை ஏற ஏறப் பாப்பா அழுதுகொண்டே வந்தாள், காதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள், அவன், பசிக்கு அழறா, குடு என்றான், கொடுத்தாள், கடித்துவிட்டுத் திரும்ப அழுதாள். டாக்டரம்மா வீட்டு வாசலில் மஞ்சள் பூச்செடி, பேர் தெரியாத செடி. டாக்டரம்மாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, வயதாகிவிட்டது, கை நடுங்கும், காது நன்றாகக் கேட்கும், அவன் வணக்கம் வைத்து ஆரம்பிப்பதற்குள் அவனைத் தாண்டிப் பாப்பாவைப் பார்த்துவிட்டாள். "இது பசி அழுகை இல்ல. காது வலி. கொண்டா இங்க." மடியில் போட்டு, சின்ன டார்ச்சை அடித்து, உள்ளே பார்த்து, அலமாரியிலிருந்து சொட்டு மருந்து எடுத்து விட்டு, பஞ்சு வைத்து, தோளில் சாய்த்துத் தட்டினாள். அந்த நடுங்குகிற கை பாப்பாவின் முதுகில் பட்டதும் நடுங்கவில்லை, அதை நாகமணி பார்த்தாள். பாப்பா தூங்கிப்போனாள். அப்புறம்தான் ஷெட்டைத் திறந்தார்கள். கருப்பும் பழுப்புமாக அந்த வண்டி நின்றது, அவன் பெயர் சொன்னான், நீளமான இங்கிலீஷ் பெயர், அவளுக்கு அது டாக்டரம்மா வண்டிதான். அவன் குரல் மாறியது, பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போனவன் அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கிற மாதிரி அடங்கிப் பேசினான், எஞ்சின் வேற மாத்தின மாதிரி இருக்குதுங்களே, அடித்தகடு போயிருச்சுங்களே, இது ஓடுறது கஷ்டங்க என்று. வழியெல்லாம் இதே வண்டியைப் பற்றி, ஒரு ஸ்குரூ மாறாத வண்டி புள்ள, நாட்டுல இது மாதிரி வேற இருக்குமான்னே சந்தேகம் என்று சொல்லிக்கொண்டு வந்தவன். நாகமணி தரையைப் பார்த்துக்கொண்டாள். தரையில் எண்ணெய்க் கறை, ஒரு பூனை. டாக்டரம்மா பின்சீட்டுக் கதவைத் திறந்து காட்டினாள். "எங்கப்பா இதுல ராத்திரியில எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் பிரசவம் பார்க்கப் போவார். அப்புறம் நான் போனேன். இந்த சீட்டுல பொறந்தவங்க இந்த மலையில நிறையப் பேர் இருக்காங்க." முன்பக்கம், கண்ணாடிக்குக் கீழே, ஒரு பித்தளை வளையத்தில் சின்னக் கண்ணாடிக் குடுவை செருகியிருந்தது, கட்டைவிரல் பருமன், அடிப்பக்கம் முனையாகக் குவிந்தது, அதில் அன்றைக்குப் பறித்த அந்த மஞ்சள் பூ. வண்டி நகர்ந்து வருஷமாகிறது, பூ அன்றைக்குப் பறித்தது.

மாவு இப்போது பொங்கத் தொடங்கியிருந்தது, வெள்ளையாக, நுரையாக. கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் போட்டாள், மூழ்கி மெதுவாக மேலே வந்தது, மிதக்கவில்லை, இன்னும் ஆகட்டும். டாக்டரம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான். விலையைப் பற்றி அவள் அதிகம் பேசவில்லை, அவன் சொன்னதற்குச் சரி என்றுவிட்டாள். "இதைப் பிரிக்கக் கூடாது. முழுசா இருக்கணும். யாராவது ஓட்டணும். பார்ட்ஸ் பார்ட்ஸா வித்துட்டாங்கன்னு நான் கேள்விப்படக் கூடாது. அதுக்கு நீ வாக்குக் குடுக்கணும்." அவன் நெஞ்சில் கையை வைத்தான். "எம் பாப்பா மேல ஆணைங்க." பாப்பா அப்போது டாக்டரம்மா தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா அவனைப் பார்க்கவில்லை. திரும்பி நாகமணியைப் பார்த்தாள். "நீ சொல்லும்மா. உன் வீட்டுக்காரர் வாக்குக் குடுத்தாக் காப்பாத்துவாரா? இவரை நம்பலாமா?" அந்த ஷெட்டும் எண்ணெய் வாசமும் பூனையும் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. ஆறாம் வகுப்பு. புத்தகம் கையில் இருக்கிறது, எழுத்துத் தெரிகிறது. தெரியாதுங்க என்றுதான் சொல்லியிருக்க வேண்டும், அதுதான் நிஜம், கல்யாணமாகி இத்தனை நாளாகியும் அவளுக்குத் தெரியாது. பெரியவர்கள் கேட்டால் அவள் தலை தானாகக் குனியும், சின்ன வயதிலிருந்து அப்படித்தான், குனிந்தது, குனிந்த தலை கொஞ்சம் அசைந்தது, சரி என்றா வெட்கம் என்றா அவளுக்கே தெரியாது. "அவ பேசமாட்டாளுங்க டாக்டரம்மா, தலையாட்டுனாப் பேசுன மாதிரிதானுங்க," என்று அவன் சிரித்தான். டாக்டரம்மாவும் சிரித்தாள். "இவ தலையாட்டினா போதும்." சாவியை அவனிடம் கொடுக்கவில்லை. நாகமணியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். சாவி சில்லென்று இருந்தது. கார் வளைவு திரும்பியதும் அவன் இடதுகையை நீட்டினான், அவள் சாவியை அதில் வைத்தாள்.

அப்புறம் ஒருநாள் பின்பக்கத்துத் தகரக் கொட்டகையில் துணி காயப்போடப் போனவள் ஒரு கதவைப் பார்த்தாள். கதவு மட்டும், கருப்பும் பழுப்புமாக, சுவரில் சாய்ந்து நின்றது. இன்னொரு நாள் இரண்டு விளக்குகள் சாக்கில் சுற்றிக் கிடந்தன, அவளையே பார்த்த மாதிரி. அப்புறம் அவை போய்விட்டன. சீட் போகும்போது அவள் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றாள், இரண்டு ஆட்கள் அதைத் தூக்கி டெம்போவில் ஏற்றினார்கள், கவனம், கவனம் என்று அவன் கத்தினான், அந்தக் கவனம் பிள்ளைத்தாய்ச்சியைத் தூக்குகிற கவனம். ராத்திரி அவள் ஒன்றும் கேட்கவில்லை, கேட்காமலே அவன் சொன்னான், அவள் முகத்தில் இருந்திருக்க வேண்டும். "முழு வண்டி ஒருத்தனுக்குத்தான் புள்ள. பிரிச்சாப் பத்து வண்டிக்கு உசிரு வரும். அந்தம்மா உசிரோட இருக்கோணும்னுதான சொல்லுச்சு. பத்து எடத்துல உசிரோட இருக்குது." அவன் அதை நம்பித்தான் சொன்னான், அதுதான் பயமாக இருந்தது. ஆணை போட்டீங்களே என்று அவள் நாக்கு நினைத்தது, பாப்பா மேல போட்டீங்களே. அவன் அவள் நினைத்ததைக் கேட்ட மாதிரி, "புரோக்கர் வாக்குங்கறது இன்னொரு புரோக்கருக்குக் குடுக்கறது, அது தவறுனாத் தொழில் போச்சு. விக்கற பார்ட்டிகிட்டச் சொல்றது பேச்சு. பேச்சு வேற," என்றான், பாயை உதறிப் போட்டான், படுத்தான், தூங்கினான். அவன் தூக்கத்தில் நல்லவன். விழித்திருக்கும்போதும் நல்லவன்தான், கை நீட்டியதில்லை, குடிப்பதில்லை, பாப்பாவுக்குக் காய்ச்சல் என்றால் சட்டை போட மறந்து ஓடுவான். கல்யாணத் தரகர் அப்பாவிடம் அப்படித்தான் சொன்னார், தங்கமான பையன், வண்டித் தொழில். அவனிடம் அவளைப் பற்றி அமைதியான பொண்ணு என்று சொல்லியிருப்பார். அப்பா தரகரைப் பார்த்து, நம்பிக் குடுக்கலாங்களா என்று கேட்டார், தரகர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு தலையை ஆட்டினார், அவர் ஆட்டியதற்கு என்ன அர்த்தம் என்று யார் கண்டது. மறுநாள் காலையில் கனகராசு காகிதத்தில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். "இதைக் கேட்டானுக, நான் குடுக்கல. உனக்குன்னு எடுத்து வெச்சேன்." அந்தக் கண்ணாடிக் குடுவை. உள்ளே தண்ணீர் நின்ற கோடு இன்னும் இருந்தது. அடி குவிந்திருந்ததால் அது எங்கே வைத்தாலும் நிற்காது, உருளும். ஒரு தம்ளரில் அரிசி நிரப்பி அதில் செருகி பிரிட்ஜ் மேல் வைத்தாள். பிரிட்ஜ் ஓடும்போதெல்லாம் அது தம்ளர் விளிம்பில் பட்டு மெல்லக் கிணுகிணுக்கிறது, வீட்டில் யாரோ பல் தந்தியடிக்கக் குளிரில் நிற்கிற மாதிரி.

சட்டென்று கிரைண்டர் நின்றது. கை மாவுக்குள் இருந்தபடியே இருந்தது. கரண்ட் போய்விட்டது, காற்றாடியும் நின்றது, பிரிட்ஜும் நின்றது, குடுவை அடங்கியது, இவ்வளவு நேரம் இத்தனை சத்தத்துக்குள் உட்கார்ந்திருந்தோமா என்று அவளுக்குத் திக்கென்றது. தொட்டிலில் பாப்பா புரண்டாள், எழுந்திருக்கவில்லை. வாசலில் தண்ணீர்ச் சத்தமும் நின்றிருந்தது, அவன் போனில் பேசிக்கொண்டிருந்தான், மெதுவாகத்தான் பேசினான், வீடு அமைதியாகிவிட்டதால் எல்லாம் உள்ளே வந்தது. "ஆமாங்கய்யா, குடும்பத்தோடதானுங்க வர்றோம். டேம் பாக்கலாம்னு கெளம்புனோம், வழியில உங்களையும் பாத்துட்டுப் போலாம்னுங்க. இல்லைங்கய்யா, ஒண்ணும் சிரமப்படாதீங்க, பாப்பாவுக்குப் பால் நாங்களே கொண்டாந்துருவோம். அவளா, அவ பேசவே மாட்டாளுங்க, ரொம்பக் கூச்சம். வந்து பாருங்க, நீங்களே தெரிஞ்சுக்குவீங்க." சிரித்தான். அந்தப் பக்கத்தில் அந்தப் பெரியவரும் சிரித்திருக்க வேண்டும், எஸ்டேட் மேனேஜர், பொண்டாட்டி இல்லாதவர், இப்போது எழுந்துபோய்க் கூடத்து நாற்காலியில் கிடக்கிற துணியை எடுத்து வைப்பார், வீட்டுக்கு ஒரு குழந்தை வருகிறது என்று பிஸ்கட் இருக்கிறதா என்று டப்பாவைத் திறந்து பார்ப்பார். அவருக்கு நான் யார். அவர் வீட்டு கேட்டுக்கு நான் ஒரு சாவி. கையை வெளியே எடுத்தாள், மாவு முழங்கைவரை வழிந்தது. அப்போதுதான் மேடை மேல் அவள் போன் அதிர்ந்தது. சுவரோரமாக வைத்த போன் அதிர்ந்து அதிர்ந்து தன்னாலே நகர்ந்து உப்பு ஜாடியில் போய் முட்டியது. பெயர் தெரிந்தது. அவளே ஒவ்வொரு எழுத்தாகத் தேடி ஏற்றி வைத்த பெயர். டாக்டரம்மா.

எடுக்கவில்லை. மாவுக் கை, எப்படி எடுக்கிறது. அது அதிர்ந்து முடிந்தது, கொஞ்சம் விட்டு மறுபடி அதிர்ந்தது. எதற்கு என்று அவளுக்குத் தெரியும். சித்திரையில் ஒருமுறை இப்படித்தான் வந்தது, பாப்பா காது எப்படி இருக்கு, சளி பிடிச்சா உடனே கவனி, தலைக்கு ஊத்தும்போது காதுல பஞ்சு வை, எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் கூச்சத்தோடு கேட்டாள், டாக்டரம்மாவுக்கும் கூச்சம் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "வண்டி பாண்டிச்சேரியில ஓடுதுன்னு உன் வீட்டுக்காரர் சொன்னார். அந்த ஹார்ன் சத்தம் ஒரு தடவை கேக்கணும் போல இருக்கும்மா. வாங்கினவர்கிட்டச் சொல்லி போன்ல அடிச்சுக் காட்டச் சொல்றியா. சும்மா ஒரு தடவை." அவனிடம் சொன்னாள். வேண்டாம் என்று சொல்வான் என்று நினைத்தாள், மழுப்புவான், பாண்டிச்சேரிக்காரர் வெளியூர் போயிருக்கார் என்று சொல்வான். அவன் யோசித்தான், பின்னால் கொட்டகைக்குப் போனான், அந்த ஹார்னைத் தூக்கிக்கொண்டு வந்தான், பித்தளைக் குழல், கறுத்த ரப்பர் பந்து, கொட்டகையில் அது மட்டும்தான் அன்றைக்கு மிச்சம். "நான் போன் புடிக்கறேன், நீ அமுத்து." வேண்டாங்க என்று சொல்ல அப்போதும் வாய் வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து அமுக்கினாள். பாம், என்று அது சத்தம் போட்டது, கனமாக, தொண்டை கட்டிய ஆள் கூப்பிடுகிற மாதிரி. தரையில் உட்கார்ந்திருந்த பாப்பா சிரித்தாள், கை தட்டினாள். "இன்னொருக்கா," என்று அவன் உதட்டை அசைத்தான். பாம். "கேட்டுதுங்களா டாக்டரம்மா? கடற்கரை ரோட்ல நிக்குதுங்க வண்டி," என்று அவன் சொன்னான். அப்புறம் அந்தக் குரல் வந்தது, மூக்கு அடைத்த குரல். "கேட்டுச்சுப்பா. நல்லா இருக்கு. பக்கத்துல ஒரு குழந்தை சிரிக்குதே." அன்றைக்கு ராத்திரி நாகமணி கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், ரப்பர் வாசம் போகவில்லை, சாதம் பிசையும்போது அந்த வாசம், பாப்பாவைத் தூக்கும்போது அந்த வாசம். ஹார்ன் போன மாதம் பெங்களூருக்குப் போய்விட்டது. இனி டாக்டரம்மா கேட்டால் அமுக்கவும் ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தச் சத்தம் காதில் கேட்கிறது. பாப்பா காதைத் தொட்டால் போதும், அது சளியா, வலியா, ஆணையா என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது, பாம் என்கிறது. ரோட்டில் எந்த லாரி சத்தம் போட்டாலும் ஒரு ஷெட்டுக்குள் வெற்றுத் தரையும் எண்ணெய்க் கறையும் தெரிகிறது, அந்த ஷெட்டுக்கு முன்னால் அந்தம்மா ஒரு மஞ்சள் பூவைப் பறித்துக் கையில் வைத்துக்கொண்டு, வைக்க இடம் இல்லாமல் நிற்கிறாள்.

போன் அடங்கியது. வாசலில் மறுபடி தண்ணீர். நான் வர்லீங் என்று சொன்னால் என்ன ஆகும். ஏன் என்பான். ஏன் என்றால் என்ன சொல்வது, அதற்கு இன்னும் வார்த்தை வேண்டும், அந்த வார்த்தைகளுக்குப் பின்னால் இன்னும், அவன் பத்துப் பேச்சுப் பேசுவான், பேச்சு அவன் தொழில். அவள் அழுவாள். அவன் கண்ணீரைத் துடைத்துவிடுவான், பைத்தியம், என்பான், காரில் ஏற்றிக்கொண்டு போவான். இல்லை, ஒருவேளை விட்டுவிட்டுப் போவான், தனியாகப் போவான், இன்றைக்குக் கேட் திறக்காது, நாளைக்கு அவன் தங்கச்சியையும் அவள் பையனையும் கூட்டிக்கொண்டு போவான், அவள் நன்றாகவே பேசுவாள். பெரியவர் யாரிடம் கேட்டாலும் பதில் ஒன்றுதான் கிடைக்கும். நான் போகாவிட்டால் நான் தப்பித்தேன், அவர் தப்பிக்கவில்லை. இது அவளுக்கு இப்போதுதான், மாவு கையில் காய்ந்து இழுக்கிற இந்த நேரத்தில்தான் தோன்றியது, தோன்றியதும் அது ஓரத்துக்குப் போகாமல் நடுவிலேயே நின்றது. போனால். போனால் அவர் கேட்பார். ஒத்தையாக இருப்பவர்கள் கேட்பார்கள், புருஷனிடம் கேட்டுவிட்டுப் பொண்டாட்டி முகத்தைப் பார்ப்பார்கள், அது அவர்கள் கண்ட ஒரே வழி. கரண்ட் வந்தது. கிரைண்டர் ஒரு உலுக்கு உலுக்கிச் சுற்ற ஆரம்பித்தது, காற்றாடி, பிரிட்ஜ், பிரிட்ஜ் மேல் அந்தக் குடுவை, கிணுகிணு. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

மாவுக் கையோடேயே போய் அரிசித் தம்ளரிலிருந்து அதை உருவினாள். இரண்டு மூன்று அரிசி அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. சாமி படத்துக்குக் கீழே பாப்பாவின் பை இருந்தது, பால் புட்டி, வெந்நீர் பிளாஸ்க், இடுப்புத் துணிகள், ஒரு துணியை விரித்து நடுவில் வைத்து, பச்சைக் குழந்தையைச் சுற்றுகிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மடித்து, அடியில், எல்லாத்துக்கும் அடியில் செருகினாள். நெஞ்சு கிரைண்டரைவிடச் சத்தமாக ஓடியது. அவன் பையைத் தொடமாட்டான், பை அவள் தோளில்தான் இருக்கும், பார்க்கிறவர்களுக்கு அது நன்றாக இருக்கும் என்று அவன்தான் சொல்லிக் கொடுத்தான். இதை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தால் அவன் என்ன செய்வான். அங்கே ஒன்றும் செய்யமாட்டான், சிரிப்பான், ஏதாவது சொல்லி மூடப் பார்ப்பான். திரும்பி வரும்போது காருக்குள் என்ன நடக்கும் என்று அவளால் நினைக்க முடியவில்லை. பேசாமல் ஓட்டுவான். இத்தனை நாளில் அவன் பேசாமல் இருந்ததே இல்லை, அது எப்படி இருக்கும், பொள்ளாச்சி ரோடு முழுக்க, புளியமரம் புளியமரமாக, ரெண்டு பேரும் பேசாமல். நாளைக்கு இந்த மாவில் அவனுக்கு இட்லி ஊற்றுவேனா, அவன் சாப்பிடுவானா, அப்பா வீட்டுக்குப் போ என்பானா. போ என்றால் போவது. கிரைண்டரை நிறுத்தினாள். ஒரு துளி மாவைத் தண்ணீரில் போட்டாள், மிதந்தது. வழித்துப் பாத்திரத்தில் எடுத்தாள், அரிசியைப் போடவில்லை, அது வந்துதான், வந்தால்தான். தொட்டிலில் பாப்பா கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், அழாமல், எப்போதிருந்து பார்க்கிறாளோ. பெரியவருக்குப் பெரிய பேச்செல்லாம் வேண்டியதில்லை, பழைய வண்டி வைத்திருக்கிறவருக்கு இந்தக் குடுவை எந்த இடத்தில் இருக்கிற பொருள் என்று தெரியும், அது வண்டியில் இல்லாமல் பால் புட்டியோடு பையில் கிடந்தால் அந்த வண்டிக்கு என்ன ஆயிற்று என்றும் தெரியும். அது நிற்காது, படுக்க வைத்தால் போதும். ஆனால் இது ஏதும்மா என்று கேட்பார். அதற்காவது ஒரு வார்த்தை வேண்டும், அதை இப்போதே, இங்கேயே, வாயைத் திறந்து ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட வேண்டும், பாப்பா கேட்கட்டும், பாப்பாவிடம் சொல்வதற்கு என்ன வெட்கம். "இது கோத்தகிரி டாக்டரம்மா வண்டியில இருந்ததுங்க," என்று சொன்னாள், சொல்லிவிட்டாள், அந்தக் குரல் யாருடையதோ மாதிரி சமையலறையில் நின்றது, பாப்பா வாயைப் பிளந்து பார்த்தாள், "அந்த வண்டி இப்ப," என்று அவள் அடுத்ததை எடுக்கும்போது வாசலில் கார்க் கதவு திறந்தது, "புள்ள, முடிஞ்சுதா, பாப்பாவத் தூக்கிட்டு வா, நேரமாச்சு," என்று அவன் கூப்பிட்டான், அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, காய்ந்த மாவோடு இருந்த கையால் பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்து, மிச்ச வார்த்தையை நாக்குக்கு அடியில் பத்திரமாக ஒதுக்கிக்கொண்டு, நிலைப்படியைத் தாண்டும்போது, இந்தத் தடவை தலையை ஆட்டமாட்டேன் என்று நினைத்தபடி வாசலுக்கு இறங்கினாள்.